பள்ளம் விழும் இடம்

மார்ச் 4

தம்பிக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் வைத்துவிடத் தோன்றியிருக்கும். பிரித்துவிட்டீர்கள், நல்லது. நலம் விசாரிக்க எழுதவில்லை, காரியமாகத்தான் எழுதுகிறேன்.

வருகிற மே மாதத்தோடு அவர் போய்ப் பத்து வருடம். பாட்டுக்காரர் பழைய குழுவைத் திரட்டி ஒரு நினைவுக் கச்சேரி வைக்கிறார். உங்கள் ராக் இசைக்குத் தலையை ஆட்டி ஆட்டி இப்போது அந்தத் தலையில் முடியே இல்லாமல் போனவர்களெல்லாம் வரப் போகிறார்களாம். அன்றைக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அச்சாகிறது. அவர் பிறந்தது, வளர்ந்தது, என்னைக் கட்டிக்கொண்டது எல்லாம் நான் எழுதிவிட்டேன். அவர் டிரம்ஸ் வாசித்ததைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. கண்ணாடிக் கடையில் பிறர் மூக்குக்கு அளவெடுக்கிறவளுக்குத் தாளத்தைப் பற்றி என்ன தெரியும்? நீங்கள் அவர் பக்கத்தில் நின்று அத்தனை வருடம் பேஸ் கிடார் வாசித்தவர். நாலு பக்கம் எழுதி அனுப்புங்கள்.

டிரம்ஸில் உட்காரப் போவது நம் பாப்பா. நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது இரட்டைப் பின்னலோடு இருந்தாள், இப்போது இருபத்திரண்டு. அவருடைய டிரம்ஸையேதான் வாசிக்கிறாள். விபத்தில் பெரிய டிரம் நசுங்கியதே, அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறாள். அவரைப் போலவே அதைத் தன் கையால்தான் வேனில் ஏற்றுவாள், தானேதான் ஓட்டிப் போவாள். கச்சேரி ஆற்றங்கரை அரங்கத்தில். அந்தச் சாலை வழியாகத்தான் போக வேண்டும், எந்தச் சாலை என்று உங்களுக்குத் தெரியும்.

ஃபோன் செய்ய வேண்டாம். "குடிச்சுட்டு ஓட்டாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்று சாவு வீட்டு வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்ன குரல் உங்களுடையது. அதை மறுபடி கேட்க எனக்குத் தெம்பில்லை.

பாப்பாவின் அம்மா


மார்ச் 13

அண்ணிக்கு வணக்கம்.

இரண்டு நாள் பிரிக்காமல்தான் வைத்திருந்தேன். உங்களிடம் எதை மறைக்க முடிந்திருக்கிறது?

நான் இங்கே காகித ஆலையில் உருளைகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன். இடது காது போய்விட்டது. இந்த ஆலைச் சத்தத்துக்கு ஒரு காதே அதிகம். ஃபோன் மேலாளர் அறையில் இருக்கிறது, அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிடக் கடிதம் எவ்வளவோ மேல்.

அண்ணனை நான் முதலில் பார்த்தது மரச்சாமான் கடையின் பின்கட்டில். அலமாரி கட்டி அனுப்பும் வேலையில் இருந்தார். காலி அட்டைப்பெட்டிகளை வட்டமாக வைத்து, உடைந்த நாற்காலிக் கால் இரண்டால் வாசித்துக்கொண்டிருந்தார். "உங்ககிட்ட டிரம்ஸ் இருக்கா?" என்று கேட்டேன். "டிரம்ஸ் இல்ல. ஆனா நான் டிரம்மர்" என்றார். அன்றைக்கே நான் அவருக்குத் தம்பியாகிவிட்டேன்.

அவர் வாசிப்பைச் சொல்வதென்றால், வேகம் காட்டும் ஆள் அல்ல. தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் தாமதமாகப் போடுவார். அது காதுக்கு வருவதற்கு முன்னால் முழங்காலுக்கு வந்துவிடும். ஜனங்கள் அவரை 'இடி' என்றார்கள். அசையாமல் நின்று வாசிப்பதால் எனக்குத் 'தூண்' என்று பேர். தூண் ஏன் அசையவில்லை தெரியுமா? என் கண் முழுக்க அவர் வலது காலில் இருந்தது. பெரிய டிரம்மை மிதிக்கும் அந்தக் காலை விட்டு நான் பார்வையை எடுத்ததே இல்லை.

புத்தகத்தில் முக்கியமாகப் போட வேண்டியது 'பள்ளம்'. பாட்டு அடித்துப் பிடித்துப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஓர் அடி விழாது. கை, கால் இரண்டும் நின்றுவிடும். ஓர் அடி, மிஞ்சினால் இரண்டு. அந்தப் பள்ளத்தில் பாட்டு விழுந்துவிடாமல் நான் ஒரே சுரத்தை நிறுத்திப் பிடிப்பேன். பிறகு அவர் எதுவுமே நடக்காத மாதிரி வந்து சேருவார். முதல் இசைத்தட்டுப் பதிவிலேயே இது வந்தது. ஒலிப்பதிவாளர் தப்பு என்று திரும்ப எடுக்கச் சொன்னார். பாட்டுக்காரர்தான் இருக்கட்டும் என்றார். பத்திரிகைகள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. ஒரே இடத்தில் இரண்டு தடவை அண்ணன் பள்ளம் விட்டதில்லை. எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. ஆனால் ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை, அண்ணி. என் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது. இதையெல்லாம் விரிவாக எழுதிய பக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன்.

வாசலில் சொன்னதைப் பற்றி. வேனில் பாட்டில் உடைந்து கிடந்ததைப் பார்த்தேன், சொன்னேன். போகச் சொன்னீர்கள், போனேன்.

தூண்


மார்ச் 22

தம்பிக்கு,

நாலு பக்கம் கேட்டேன், பதினொன்று வந்திருக்கிறது. சந்தோஷம். பாப்பாவை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அட்டைப்பெட்டி விஷயம் அவளுக்குத் தெரியாது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தூண் சித்தப்பா ஏன் நம்ம வீட்டுக்கு வர்றதில்ல?" என்று கேட்டாள். வேலை ஜாஸ்தி என்று சொல்லி வைத்தேன்.

பாட்டில் பாட்டுக்காரருடையது. அவரே பிறகு வந்து சொன்னார். சொல்லி என்ன? நானும் குடித்திருப்பார் என்றுதான் நம்பினேன். படத்துக்கு முன்னால் நின்று எத்தனை நாள் அவரைத் திட்டியிருக்கிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம், நீங்கள் சொன்னது பொய் என்பதால் அல்ல. உண்மை என்று நினைத்ததால்தான்.

பள்ளம் என்று எழுதியிருந்தீர்களே, பாப்பாவுக்கும் அது வருகிறதாம். இரண்டு மாதமாக ஒத்திகையில் தானாகவே விழுகிறதாம். பாட்டுக்காரர் அசந்துபோய், "ரத்தத்திலேயே இருக்கு" என்றாராம். எனக்கும் பூரிப்பாகத்தான் இருந்தது. வீட்டிலும் அவள் அப்படியே அவர் மாதிரி. அவர் தேநீர் ஊற்றும்போது பாதியில் நின்றுவிடுவாரே, நினைவிருக்கிறதா? சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் நின்றுவிடும், பார்வை எங்கோ இருக்கும். "பாட்டு வருது, யாரும் பேசாதீங்க" என்று நான் விரலை உதட்டில் வைப்பேன். வந்த விருந்தாளி முதல் பால்காரர் வரை எங்கள் வீட்டில் அது பழக்கம். இப்போது பாப்பா அப்படி நிற்கும்போதும் என் விரல் தானாக உதட்டுக்குப் போகிறது.

நேற்று அவள் குழாயடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் நிரம்பி வழிந்து கால் நனைந்தது. நான் வழக்கம்போலப் பேசாமல் நின்றேன். பிறகு என்ன பாட்டு வந்தது என்று கேட்டேன். "என்ன பாட்டு?" என்றாள்.

அதிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. கடையில் நாள் முழுக்க மனிதர்களின் கண்ணைப் பார்க்கிறவள் நான். அவள் கண் திறந்திருந்தது, இமை மட்டும் படபடவென்று துடித்தது. ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். பள்ளம் விட்டது அவருக்குத் தெரியுமா?

அண்ணி


ஏப்ரல் 1

அண்ணிக்கு,

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இயந்திரத்தை நிறுத்த மறந்து, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தெரியாது. உண்மையைச் சொன்னால், அவருக்குத் தெரியாது. மேடையிலிருந்து இறங்கியதும் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னைக்கு எங்கடா விட்டேன்?" என்று கேட்பார். நான் இடத்தைச் சொல்வேன். "பலே" என்று தன்னையே மெச்சிக்கொள்வார். அவர் குறும்பு என்றுதான் நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்று. ஒரு தொலைக்காட்சிக்காரர் வந்து, பள்ளத்தைக் காட்டுங்கள் என்று கேமராவை வைத்தார். அண்ணன் வேண்டுமென்று ஓர் அடியை விட்டுப் பார்த்தார். பாட்டு நொண்டியது. திரும்பத் திரும்ப முயன்றார், வரவே இல்லை. "அதுவா வரணும், நாம கூப்பிட்டா வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கும் கைதட்டினோம்.

கடைசி இரண்டு வருடங்களில் பள்ளம் நீண்டது. குச்சி கையிலிருந்து நழுவி உருளும். ரசிகர்கள் அதை எடுக்க அடித்துக்கொண்டார்கள். ஒரு தடவை மேடைக்குப் பின்னால் சிகரெட் பற்ற வைக்க நின்றவர், தீக்குச்சி விரல் வரை எரிந்தும் அப்படியே நின்றார். நான்தான் தட்டிவிட்டேன். விரலைப் பார்த்து, "இது எப்ப சுட்டுச்சு?" என்றார்.

இதையெல்லாம் வரிசையாக எழுதும்போதுதான் தெரிகிறது. தனித்தனியாக நடந்தபோது ஒன்றுமே தோன்றவில்லை.

அண்ணி, அந்தச் சாலை ஒரே ஒரு வளைவு தவிர முழுக்க நேர்ச்சாலை. விபத்துக்கு மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். அந்த வளைவில் சக்கரத் தடம் நேராக ஆற்றுக்குள் போயிருந்தது. பிரேக் போட்ட அடையாளமே இல்லை. குடித்தவன் ஓட்டினால் வண்டி இப்படியும் அப்படியும் போயிருக்கும்.

பாப்பாதான் வேனை ஓட்டுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இப்போதும் ஓட்டுகிறாளா?

தூண்


ஏப்ரல் 8

தம்பிக்கு,

ஓட்டுகிறாள். தினமும் ஒத்திகைக்கு ஓட்டிக்கொண்டு போகிறாள். வேன் திரும்பி வந்து வாசலில் நிற்கும் சத்தம் கேட்கும்வரை நான் அடுப்பைக்கூடப் பற்றவைப்பதில்லை.

எங்கள் கடைக்கு ஒரு நரம்பு மருத்துவர் கண்ணாடி மாற்ற வருவார். அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "வண்டி ஓட்டுவாங்களா?" என்றார். வேறு எதையும் அவர் முதலில் கேட்கவில்லை. அடுத்து, "அவங்க அப்பா எப்படி இறந்தாங்க?" என்றார். நான் சொல்லி முடிக்கவில்லை; அவர் தலையைக் குனிந்துகொண்டார். விழுந்து துடித்தால்தான் வலிப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நின்றபடியே சில நொடி மனிதர் இல்லாமல் போவதும் அதில் ஒரு வகையாம். குடும்பத்தில் வரலாமாம். மாத்திரை இருக்கிறதாம், பெரும்பாலும் கட்டுப்படுமாம். மூளை அலையைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அதுவரை ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்றார்.

மாத்திரை இருக்கிறது, தம்பி. அவர் இருந்த காலத்திலும் இருந்திருக்கிறது. நான் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பாப்பாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு என்னை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே. "அப்பா குடிச்சு செத்தாருன்னு சொன்னே, கேட்டுக்கிட்டேன். அவர்கிட்ட எல்லாரும் நல்லதுன்னு சொல்ற ஒரே விஷயம் இது. இதையும் நோய்னு சொல்லி எடுத்துடாதம்மா" என்றாள். கச்சேரி முடிந்ததும் பரிசோதனைக்கு வருகிறேன் என்கிறாள். சாவியை ஒளித்துவைத்தேன், வேறொன்று செய்துகொண்டாள். அவர் பெண் அல்லவா.

எனக்குத் தாளம் தெரியாது, நான் சொன்னால் எடுபடாது. உங்கள் பதினொரு பக்கத்தை அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். பள்ளத்தைப் பற்றி அவள் நம்புகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். வாருங்கள். வாசலில் நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் வாருங்கள்.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் உங்கள் மேல் கோபம் இருந்தது. உருப்படியாக நான் செய்த ஒரே காரியம் அந்தப் பள்ளங்களைப் பிடித்ததுதான். அது ஒரு மனிதருடைய நோயைப் போர்வை போட்டு மூடிய வேலை என்று இப்போது ஆகிவிட்டது. நான் அவ்வளவு நன்றாகப் பிடித்ததால்தான் யாருக்கும் தெரியவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்கு நன்றி.

சனிக்கிழமை ஒத்திகைக்கு வருகிறேன். பாப்பாவிடம், சித்தப்பா கூட வாசிக்க ஆசைப்படுகிறார் என்று மட்டும் சொல்லுங்கள். பேசிப் புரியவைக்கும் சாமர்த்தியம் எனக்கில்லை. அவள் கால் நிற்கும்போது நான் வாசிக்காமல் இருப்பேன். கேசட்டில் பதிவாகட்டும். மூடாத பள்ளம் எப்படி இருக்கும் என்று அவளே கேட்கட்டும்.

அன்றைக்கு அவளை வேன் ஓட்ட விடாதீர்கள் என்று எழுதினால் நீங்கள் என்ன செய்ய முடியும்? மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

தூண்


ஏப்ரல் 19

அண்ணிக்கு,

இதை உங்கள் கடையில், கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் உள்ளே யாருக்கோ கண் சோதித்துக்கொண்டிருந்தீர்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். உள்ளே வரக் கால் வரவில்லை.

ஒத்திகை, மூடிப்போன திரையரங்கின் சாமான் அறையில். சுவரோரம் உடைந்த இருக்கைகள். பாப்பா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்த விதம், முழங்கை, அந்தத் தாமதம், எல்லாம் அவரே. கொஞ்ச நேரம் எதற்கு வந்தேன் என்பதையே மறந்து வாசித்தேன், அண்ணி. அவ்வளவு நன்றாக இருந்தது.

மூன்றாவது பாட்டில் கால் நின்றது. வாசிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனவன்தான். விரல் என்னைக் கேட்கவில்லை. பாய்ந்து பிடித்துவிட்டது. பாட்டு முடிந்ததும் அவள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "எங்க சித்தப்பா விட்டேன்?" என்றாள். அதே வார்த்தை.

பாட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டு, நான் கையை எடுத்தால் எல்லாரும் நிறுத்துங்கள் என்றேன். அடுத்து நீளப் பாட்டு. கால் நின்றது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். எல்லாரும் நிறுத்தினார்கள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அவள் வலது குச்சி அந்தரத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது, இமை துடித்தது, அங்கே யாரும் இல்லை. பாட்டுக்காரர் பயந்துபோய், "என்னம்மா ஆச்சு?" என்றார். குச்சி விழுந்து உருண்டது. பிறகு அவள் வந்தாள். இடது கையாலேயே விட்ட இடத்திலிருந்து அடித்தாள். நாங்கள் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு நிறுத்தினாள்.

கேசட்டைப் போட்டுக் காட்டினேன். பாட்டு வந்தது, நின்றது. அந்த அமைதிக்குள் பாட்டுக்காரர் குரல் கேட்டது. "இதை எப்ப பேசினார்?" என்றாள். "நீ வாசிச்சுக்கிட்டிருக்கும்போதுதாம்மா" என்றேன். மறுபடி சுற்றிக் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். பிறகு எழுந்து, நசுங்கிய பக்கம் முன்னால் தெரியும்படி பெரிய டிரம்மைத் திருப்பி வைத்தாள். ஏன் என்று தெரியவில்லை.

வேன் சாவியை முக்காலியில் வைத்துவிட்டு, கேசட்டை எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள். பின்னாலேயே நடந்தேன். சாலையைக் கடக்கும் இடத்திலெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. உங்கள் வீட்டுக் கதவு மூடியதைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வந்தேன். சாவி இந்த உறைக்குள் இருக்கிறது.

அன்றைக்கு வாசலில் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை, அண்ணி. அண்ணன் குடிக்கவில்லை.

தூண்


ஏப்ரல் 25

தம்பிக்கு,

கடை வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போனீர்களே. கல்லாப் பெண் சொன்னதும் வாசலுக்கு ஓடி வந்தேன். தெருமுனை வரை ஆளைக் காணோம். அடுத்த தடவை நேராக வீட்டுக்கு வாருங்கள்.

திங்கட்கிழமை பரிசோதனை. வருகிறேன் என்று தானாகவே சொன்னாள். கச்சேரியில் வாசிக்க மாட்டாள். பாட்டுக்காரர் வேறு ஆளைப் பிடித்திருக்கிறார். பள்ளம் எங்கே எங்கே வர வேண்டும் என்று அந்த ஆள் இசைத்தட்டைக் கேட்டு மனப்பாடம் செய்கிறாராம். ரசிகர்கள் எதிர்பார்ப்பார்களாம். பாட்டுக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஃபோனை வைத்துவிட்டேன்.

உங்கள் பதினொரு பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. திருத்தலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அவர் இருந்தவரை அது அவருடைய பெருமையாக இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

பாப்பா நான்கு நாளாகக் கீழ் அறையில் அவருடைய இசைத்தட்டுகளை முதலிலிருந்து வரிசையாகக் கேட்கிறாள். பாட்டைக் கேட்கவில்லை, பள்ளத்தைத்தான் கேட்கிறாள். முதல் தட்டில் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லையாம். போகப் போக நீளுகிறதாம். கடைசித் தட்டில் உங்கள் சுரம் எவ்வளவு தூரம் தனியாக நடந்து போகிறது என்று எனக்குப் போட்டுக் காட்டினாள். தாளம் தெரியாத எனக்கே கேட்டது. பிறகு ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"எல்லாத் தடவையும் சித்தப்பா பிடிச்சிருக்காரும்மா. வேன்லதான் பக்கத்துல யாருமே இல்ல."

அவளைக் கட்டிக்கொண்டேன். பத்து வருடத்தில் அன்றைக்குத்தான் அவருக்காக நான் கோபமில்லாமல் அழுதேன்.

சாவி என் இடுப்பில் இருக்கிறது. மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், நடுநடுவே குச்சியை எடுத்துக் கூடவே வாசிக்கிறாள். சத்தம் நிற்கும்போது அது அவர் விட்ட அடியா, இவள் விட்ட அடியா என்று மேலிருந்து எனக்குத் தெரிவதில்லை. எழுந்து படிக்கட்டு வரை வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அடுத்த அடி விழுந்த பிறகுதான் வந்து உட்காருகிறேன். இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் எத்தனை தடவை எழுந்துவிட்டேன்.

அண்ணி